மிளகாய் இல்லாத தேசம்

பாளையங்கோட்டை, 1912

பிப்ரவரி 12

அப்பாத்துரையின் ‘மீண்ட பாண்டியம்’ ஏழாம் அத்தியாயம் வந்திருக்கிறது. வேதநாயகத்தின் மாதப் பத்திரிகையில், முதல் பக்கத்திலேயே, மீன்கொடி படம் போட்டு. காலைப் பலகாரம் அதோடு கெட்டது.

விஷயம் இதுதான். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து வந்த படையைப் பாண்டியன் துரத்தியடித்திருந்தால் இன்று நாடு எப்படி இருக்கும்? நல்ல கேள்வி. ராதாபுரம் தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவனுக்கு இப்படிக் கேட்கிற மூளை எங்கிருந்து வந்தது என்று ஆரம்பத்தில் ஆச்சரியப்பட்டவன் நான். இப்போது ஆச்சரியம் தீர்ந்தது. பாண்டியன் ஜெயித்தான். அப்புறம்? அவன் வம்சத்து ராஜா இன்று ரயிலேறி மதுரைக்குப் போகிறான். வண்டியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து சலாம் போடுகிறார். அடப்பாவி, அந்த ஊரில் ரயிலை யாரடா விட்டது? மலையில் காப்பித் தோட்டம் போட்டது யார்? துரை உட்கார்ந்த நாற்காலியில் ராஜாவைத் தூக்கி வைத்துவிட்டு, சரித்திரத்தை மாற்றிவிட்டேன் என்கிறான்!

இதைப் படித்து ஆனந்தக் கண்ணீர் வடித்ததாக மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரும் உபாத்தியாயர்கள். என் ஜாதிக்காரர்கள்! தலையை எங்கே கொண்டு போய் முட்டிக்கொள்வது?

பிப்ரவரி 13

மறுபடி படித்தேன். காப்பிக்குச் சீமைச் சர்க்கரை வேறு.

பிப்ரவரி 19

பள்ளிக்கூடம் விட்டதும் டவுனுக்குப் போய் வேதநாயகத்தின் அச்சுக்கூடத்தில் ஏறினேன். என்னோடு படித்தவன்தான். அன்று என் விடையைப் பார்த்து எழுதித் தேறினான், இன்று என் கட்டுரைகளில் கமா திருத்துகிறான். அப்பாத்துரையின் அபத்தத்தை வரிவரியாகச் சொன்னேன். மை பிசுக்கான கையால் காதைக் குடைந்துகொண்டே கேட்டான்.

“சனங்க கேக்குதாங்க, நான் போடுதேன். உமக்கு என்ன வே?”

“ஒரு கதைக்கு ஒரு பொய்தான் வே. அந்தப் பொய்யைச் சொன்னதுக்கு அப்புறம் வாயைத் திறந்தா உண்மைதான் வரணும். பொய்யிலேருந்து என்னென்ன கிளைக்குமோ அதை மட்டும் எழுதணும்.”

“குத்தம் சொல்லுதது லேசு. நீரு ஒண்ணு எழுதிக் காட்டும், பாப்போம். ஒரே இதழ்ல முழுசாப் போடுதேன்.”

அச்சுக் கோக்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருபது வருஷமாகச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். நடந்தது எப்படி நடந்தது என்று தெரிந்தவனுக்குத்தான் நடக்காததை எழுதத் தெரியும். இந்தச் சின்ன விஷயம் ஒருவனுக்கும் விளங்கவில்லை.

மார்ச் 2

பொய் கிடைத்துவிட்டது. ஒரு புயல். ஆப்பிரிக்க முனையில் முதல் பரங்கிக் கப்பல்கள் முழுகிப் போகின்றன. பயந்துபோய் அப்புறம் ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை. அவ்வளவுதான். பரங்கி இல்லை, கம்பெனி இல்லை, கலெக்டர் இல்லை. தலைப்பு: ‘கரை சேராத கப்பல்.’

இனிக் கிளைகள். பரங்கி வராவிட்டால் மிளகாய் கிடையாது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அகராதிகளில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கொல்லாம்பழமும் அதன் முந்திரிக் கொட்டையும் கிடையாது, பப்பாளி கிடையாது, புகையிலை கிடையாது. புகையிலை இல்லாத திருநெல்வேலி ஜில்லா! வெறும் வெற்றிலையை மென்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அப்பாத்துரையின் ராஜாவுக்கு இதெல்லாம் தோன்றுமா?

மனைவி கெசியாவிடம் ஒரு வாரம் மிளகாய் போடாமல் சமைக்கச் சொன்னேன்.

“உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒன்றுமில்லை. சரித்திரத்துக்கு.”

பெண்கள் பள்ளியில் உபாத்தினி வேலை பார்க்கிறவள். மேலே கேட்காமல் மிளகு டப்பாவை எடுத்தாள்.

மார்ச் 6

மிளகுக் குழம்பு. மிளகு ரசம். மிளகுத் துவையல். நம் முன்னோர்கள் பொறுமைசாலிகள்.

மார்ச் 27

முடிந்தது. கதாநாயகன் மாறன், நெல்லை அரண்மனையில் சரித்திரம் எழுதுகிறவன். முட்டாள்கள் நிறைந்த சபையில் உண்மை பேசுகிற ஒரே ஆள். அவனை எழுதும்போது கை தானாக ஓடியது.

வேதநாயகம் வீட்டுக்கே வந்து படித்தான். கோழிக் குழம்பு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

“மாறனை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே வே. அது இருக்கட்டும். உம்ம கதைக் குழம்புல மிளகாயப் போடும். மிளகாய் இல்லாத தேசத்துல எவன் வே குடியிருப்பான்? சண்டையே இல்லாம ராஜா கதை. சரி, சகிச்சுக்கிடுவாங்க. மிளகாயும் இல்லைன்னா?”

“மாட்டேன்.”

“அப்படின்னா கடைசில ஒருத்தனை முழிக்க வையும். ‘ஆ! எல்லாம் கனவா!’ன்னு ஒரே வரி. கனவுக்கு எவனும் கேஸ் போட மாட்டான்.”

போன வருஷம் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் துரையைச் சுட்டதிலிருந்து இவன் பூட்ஸ் சத்தம் கேட்டாலே எழுந்து கதவைச் சாத்துகிறான். வெள்ளைக்காரன் இல்லாத தேசம் என்று அச்சில் ஏற்றப் பயம். பயம் எனக்கும்தான் உண்டு, மிஷன் சம்பளம் வாங்குகிறவன். ஆனாலும் கனவு முடிவு! எழுதினவனே தன் கதையின் மேல் எச்சில் துப்புகிற காரியம் அல்லவா அது? நம் ஆட்களுக்கு வேறொரு உலகத்தை எழுதக் கை நீளும், அதில் ஒரு ராத்திரி தங்க மட்டும் தைரியம் வராது. விடிந்ததும் பாய்க்கு ஓடிவந்துவிடுவார்கள்.

மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 5, பெரிய வெள்ளி

கோவிலிலிருந்து திரும்பி, பட்டினியோடு கெசியா என் கதையை எடுத்து வைத்துப் படித்தாள். நான் கேட்கவில்லை, அவளே எடுத்தாள். கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

“இந்தத் தேசத்துல தாது வருசம் உண்டா?”

“எல்லா வருஷமும் உண்டு.”

“பஞ்சமும்?”

“மழை இல்லையென்றால் பஞ்சம்தான்.”

“மிஷன் பள்ளிக்கூடம் கிடையாதுல்லா?”

“கிடையாது.”

“அப்போ நான் அங்கன செத்துப் போயிருப்பேன்.”

கணக்குப் போட்டு விடை சொல்வது போலச் சொன்னாள். எனக்கு இது தோன்றவே இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் ராதாபுரம் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி நடந்து வந்து, குழந்தையை மிஷன் பள்ளிக்கூட வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் குழந்தைதான் இவள். கெசியா என்பது பள்ளிக்கூடத்து அம்மாள் வைத்த பெயர். முந்திய பெயர் இவளுக்கும் தெரியாது.

“ஒரு வரி எழுதுங்க” என்றாள். “அந்த வருசம் அந்தப் பக்கம் மழை பெஞ்சுதுன்னு. எங்கம்மா என்னய விட்டுட்டு நடந்திருக்க மாட்டால்லா.”

விளக்கிச் சொன்னேன். ஒரு கதைக்கு ஒரு பொய். என் பொய் கப்பலில் செலவாகிவிட்டது, கப்பல் முழுகினதற்கு மழை பெய்யாது. தேசாபிமானிகள் வேறு மாதிரி எழுதுவார்கள்: வெள்ளைக்காரன் இல்லாவிட்டால் தானியம் இங்கேயே இருந்திருக்கும், பஞ்சமே வந்திராது என்பார்கள். பசப்பு. ஸ்ரீவைகுண்டத்து ஆற்றுப் பாசன நெல் எந்த ராஜா காலத்தில் ராதாபுரத்துப் பனங்காட்டுக்கு நடந்து போயிருக்கிறது? பண்ணையார் நெல் பத்தாயத்தைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார், சிங்காசனத்தில் யார் இருந்தால் என்ன?

நன்றாகத்தான் சொன்னேன். வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. அவள் தாள்களை அடுக்கிக் கட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 7, ஈஸ்டர்

அவள் கோபமாக இல்லை. அதுதான் தொந்தரவாக இருக்கிறது.

ஏப்ரல் 16

இன்று சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்கிறாள்:

“அந்த மாறனுக்கு யாரு எழுத்து சொல்லிக் குடுத்தா?”

அரண்மனை வித்துவான்கள் என்றேன்.

“மாறன் நீங்கதான? மூக்கு, பேச்சு, கோவம் எல்லாம் உங்கதுதான். உங்க தாத்தா திசையன்விளையில பனையேறினவுக. மிஷன்ல சேந்து, உங்க அப்பாவப் படிக்க வச்சி, அப்புறந்தான் நீங்க. கப்பல் வராட்டா நீங்களும் பனையிலதான் இருக்கணும். நெல்லையில ரதவீதிக்குள்ள கால வைக்க விடுவானா உங்கள? அரமணைக்குள்ள எப்படிப் போனீய?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“உங்களுக்குன்னா ரெண்டாவது பொய் வருது. பஞ்சத்துல போனவளுக்கு ஒரு மழை வரமாட்டேங்குது.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று எழுதப்போவதில்லை. எனக்குச் சொல்லுதா பாரு — எனக்கு! இருபது வருசமா நான் என்ன கிழிச்சிக்கிட்டா இருக்கேன்? ஒரு உபாத்தினி, சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்குதவ, எனக்குக் கதை கத்துக் குடுக்க வந்துட்டா! மாறன் ஏன் நானா இருக்கணும்? மூக்கு இருக்கிறவன் எல்லாம் நானா? வேற பள்ளிக்கூடம் இருந்திருக்கும் அந்தத் தேசத்துல — எங்கன? யாரு வச்சிருப்பா? எவன் பனையேறி மவனைக் கூப்பிட்டு உக்கார வச்சிருப்பான்?

எவனும் இல்லை.

ஏப்ரல் 17

அவள் சொன்னது சரி. எழுதி வைத்துவிட்டேன். வாயால் சொல்ல மாட்டேன்.

மே 11

பள்ளிக்கூடம் விடுமுறை. ‘கரை சேராத கப்பலை’ உண்மையாகத் திருத்தப் பார்த்தேன். மாறனைப் பனையில் ஏற்றினேன். ஏறினான், இறங்கினான், பதநீரை ஊற்றினான், மறுபடி ஏறினான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. கப்பல் வரவில்லை என்பதுகூட அவனுக்குத் தெரியாது. என் ரத்தினமான வசனங்களைச் சொல்ல அந்தத் தேசத்தில் வாய் கிடைக்கவில்லை.

நேரில் பார்த்தாலாவது எழுத வருமா என்று திசையன்விளைச் சந்தைக்குப் போனேன். அங்கே வந்து கும்பிட்டது யார்? அப்பாத்துரை. ஒடிசலான மனிதன், மூக்குப் பொடி வாசனை. நான் கண்டபடி பேசுவதெல்லாம் அவன் காதுக்கு எட்டியிருக்கிறது, ஆனாலும் கும்பிடுகிறான்.

“அண்ணாச்சி, எனக்கு உங்கள மாதிரி யோசிக்க வராது. கச்சேரியில நாள் முழுக்கத் துரைகிட்ட ஏச்சு. வீட்டுக்கு வந்தா நம்ம ராஜாவாவது ஜெயிக்கட்டுமேன்னு எழுதுதேன்.”

அவனுடைய எழுத்தின் மேல் எனக்கு இருந்த வெறுப்பு துளியும் குறையவில்லை. ஆனால் அவன் தன் ராஜாவுக்குச் செய்ததைத்தான் நானும் மாறனுக்குச் செய்திருக்கிறேன். அவன் அதை வெயிலில் நின்று ஒப்புக்கொள்கிறான். அதற்காகவும் அவனை எனக்குப் பிடிக்கவில்லை.

மே 12

கப்பலைக் கிழித்து அடுப்பில் போட்டேன். வெந்நீர் நன்றாகக் கொதித்தது.

ஜூன் 2, ஞாயிறு

வேறொன்று எழுதுகிறேன். இதிலும் ஒரு பொய்தான். கப்பல்கள் எல்லாம் வரட்டும். பரங்கி, கம்பெனி, கலெக்டர், மிஷன், மிளகாய் எல்லாம் இருக்கட்டும். தாது வருஷத்தில் ராதாபுரம் பக்கம் மழை பெய்தது. இவ்வளவுதான் என் பொய்.

இது எங்கே போய் முடியும் என்பது கையில் பேனா எடுத்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் எழுதுவது திருட்டுத்தனம் என்று பட்டதால், கெசியாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“மழை பெய்தால் உன்னை யாரும் மிஷனில் விட மாட்டார்கள். நீ உன் அம்மாவிடமே வளருவாய். படிக்க மாட்டாய். எனக்கு உன்னைப் பேசி முடிக்க ஆள் இருக்காது. நான் வேறு யாரையாவது கட்டியிருப்பேன்.”

“சரி.”

“சரி என்றால்? சாலோமி இருக்க மாட்டாள்.”

எங்கள் மகள். பதினேழு வயது, போதனா பாடசாலை விடுதியில் தங்கி உபாத்தினி வேலைக்குப் படிக்கிறாள். கெசியா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சுவரையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

“சாலோமி கதையிலதான இல்ல. இங்கன இருக்கா. எங்கம்மா இங்கனயும் இல்ல, நீங்க எழுதின தேசத்துலயும் இல்ல. ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்.”

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போவது போலப் போய், ஆற்றங்கரை வரை நடந்து, அழுதுவிட்டு வந்தேன்.

ஜூன் 22

முடித்துவிட்டேன். சின்னக் கதை. மழை பெய்கிறது. கிணறு நிறைகிறது. ஒருத்தி வீட்டை விட்டு எங்கேயும் நடக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்து, திசையன்விளைச் சந்தையில் ஒரு கிழவியும் அவள் மகளும் கருப்பட்டி விற்கிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு சரித்திர உபாத்தியாயர், கடுகடுத்த முகம், கருப்பட்டியில் மண் இருக்கிறது என்று குறை சொல்கிறார். மகள் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுக்கிறாள். கிழவி சிரிக்கிறாள். அவர் வாங்காமல் போய்விடுகிறார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அந்தத் தேசத்தில் அவளுக்கு இல்லை.

பார்க்க வைக்கக் கை துறுதுறுத்தது. வைக்கவில்லை. அது இரண்டாவது பொய்.

மகளுக்குப் பெயர் எழுதவில்லை. தெரியாத பெயரை நான் எப்படி எழுத? வருகிற இடமெல்லாம் கோடு போட்டிருக்கிறேன்.

ஜூன் 29

வேதநாயகம் கதையைத் தபாலில் திருப்பி அனுப்பாமல் என் கையிலேயே கொடுத்தான்.

“இதுல சரித்திரம் எங்க வே இருக்கு? மழை பெஞ்சுது, கருப்பட்டி வித்தாங்க. ராஜா மாறல, கொடி மாறல, கலெக்டர் அதே கலெக்டரு. கோடு கோடா வேற இழுத்து வச்சிருக்கீரு. வாசிக்கிறவன் அச்சுப்பிழைன்னு நினைப்பான்.”

“ஒரு பொண்ணு மிஞ்சுதா வே. அவ அம்மாவும் மிஞ்சுதா.”

“அதுக்கென்ன?”

அதுக்கென்ன! அச்சுக்கூடத்தின் நடுவில் நின்று கேட்கிறான். ஆடி இதழில் ‘மீண்ட பாண்டியம்’ முடிகிறதாம். பாண்டியன் ஸ்டேஷன் பெஞ்சில் கண் விழிக்கிறானாம், எல்லாம் கனவாம். அந்த வரியை இவனே எழுதிச் சேர்த்திருக்கிறான், அப்பாத்துரையிடம் கேட்கக்கூட இல்லை. பாவம், அந்த ஜெயித்த ராஜாவுக்கு அதையும் விட்டு வைக்கவில்லை. அப்பாத்துரைக்காக இவனிடம் சண்டை போட்டேன். என் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு அச்சுக் கோக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கதையைக் கொண்டுவந்து கெசியாவின் தையல் பெட்டி மேல் வைத்தேன்.

ஜூலை 13

அவள் படித்துவிட்டாள். எப்போது என்று தெரியாது. இன்று தாள்கள் என் மேஜைக்குத் திரும்பி வந்திருந்தன. எடுத்துப் பார்த்தேன். நான் கோடு போட்ட இடங்களில் எல்லாம் அவளுடைய குண்டுக் கையெழுத்து, ஊதா மை. சுடலைவடிவு. சுடலைவடிவு. எல்லா இடத்திலும்.

ஒரு மிஷன் உபாத்தினி எழுதுகிற பெயரா இது? ஊர்ச் சாமி சுடலைமாடன் வெறும் பேய் என்று பிள்ளைகளுக்கு இவளே பாடம் நடத்துகிறாள். ஞானஸ்நானத்தில் முதலில் கழுவி விடுகிற பெயர் இந்த மாதிரிப் பெயர்தான். குருவானவர் பார்த்தால் என்ன ஆகும்?

“ஞாபகம் வந்ததா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“பின்னே?”

“அந்தப் பக்கம் பாதிப் பொம்பளைக்கு அந்தப் பேருதான். பெரும்பாலும் அதாத்தான் இருந்திருக்கும்னு எழுதினேன்.” சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “பொய் இல்ல. மழைக்கு அப்புறம் வாரதுதான்.”

திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. இந்த ஜில்லாவில் எழுதத் தெரிந்தவர் இரண்டாவது ஒருவர் இருக்கிறார், அவர் என் வீட்டில் சோறு வடிக்கிறார்.

ஜூலை 21, ஞாயிறு

கோவிலுக்கு நேரமாகிவிட்டது. இரண்டாம் மணி அடித்தும் என் பாட்டுப் புத்தகத்தைக் காணவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலில் இறங்கி நிற்கிறார்கள், அவர்கள் காதில் விழும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

“வடிவு, என் பாட்டுப் புத்தகம் எங்கே?”

கெசியா உள்ளேயிருந்து வந்து, நிலையில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.

“அலமாரி மேல இருக்கு” என்றாள்.